நான் பார்த்து எடுத்த சுத்துப்பூவாளிகள்

புல்லுக்குத் தண்ணீர் காட்டும் தொழிலில் ஒரு வசதி உண்டு: புல் நம்மைத் திட்டாது, திட்டுவதற்கு அதன் சொந்தக்காரர் இருக்கிறார்.

கோப்பிக் காலத்தில் கண்டிச் சீமையில் துரைமார் பங்களா வாசலில் புல் வளர்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆடு மாடு தின்னக் கூடாது, அறுத்து விற்க முடியாது, நாம் மிதித்தால் குற்றம். அப்படிப்பட்ட ஒரு புல்லுக்காக முதுகு ஒடிந்தவர்கள் நீங்கள். நானும் உங்களில் ஒருவன்தான். பெயர் முத்து. ஹந்தானை மலையில் ஒரு கோப்பித் தோட்டத்துப் பங்களாவில் வேலை. ஊரிலேயே நாலு எழுத்துப் படித்திருந்ததால், கோப்பி பறிக்காமல் பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தேன். அதைப் பெரிய அதிர்ஷ்டம் என்று கூலி ஆட்கள் குடியிருந்த லயத்தில் எல்லோரும் சொன்னார்கள்.

லயத்தில் என்னோடு இருந்தது என் தங்கை மருதாயி. அவள் புருஷனும் சேர்த்து மூன்று பேராகக் கடல் தாண்டி வந்தோம். அவன் மாத்தளை வழியில் காய்ச்சலில் போய்விட்டான். மருதாயிக்கு வாய்த் துடுக்கு அதிகம். என்னைக் கேலி செய்யாத நாள் அவளுக்கு நாளே இல்லை.

முதலில் தண்ணீர் வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். மலை உச்சியில் ஒரு ஓடை. அது பங்களாவுக்குப் பின்னால் இருந்த கல் தொட்டியில் வந்து விழும். தொட்டி நிரம்பி வழிகிற தண்ணீர் மூங்கில் தவாளிப்பு வழியாக இறங்கி லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலியில் கொட்டும். மழைக் காலத்தில் ஒரு வழக்கும் இல்லை. தை பிறந்து ஓடை நூலாக இளைத்த பிறகு, தொட்டி இரவெல்லாம் நிரம்பி விடியும்போது வழியும். அந்த நேரத்தில் பெண்கள் குடத்தோடு பீலியில் நிற்பார்கள். பங்களாவில் பகலில் தண்ணீர் அதிகம் செலவானால் மறுநாள் பீலி சொட்டும், அல்லது அதுவும் இல்லை. நான் கைப்பூவாளியால் புல்லுக்குத் தெளித்த காலத்தில் துரைக்கும் லயத்துக்கும் எப்படியோ போதுமாக இருந்தது.

ஒவ்வொரு துளைக்கும் ஒரு பொட்டு

துரை ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கச் சீமையில் ஓர் இயந்திரம் செய்திருக்கிறார்கள் என்றார். ரப்பர் குழாயில் பூட்டித் தரையில் வைத்தால் தானாகவே சுற்றிச் சுற்றி மழை மாதிரி அடிக்குமாம். கையைச் சுற்றிக் காட்டினார். கண்டிக் கடைத்தெருவில் வந்திருக்கிறது, நாள்பட உழைக்கிறதாகப் பார்த்து எடுத்து வா என்றார். எனக்கும் உள்ளூர ஆசைதான். பூவாளி தூக்கித் தூக்கித் தோள் இறங்கிப் போயிருந்தது. கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், எல்லோரும் நானா என்று கூப்பிடுகிறவர், அவருக்கே அதைத் தமிழில் என்னவென்று சொல்வதெனத் தெரியவில்லை. 'சுத்துப்பூவாளி' என்று பெயர் வைத்தவன் நான்தான்.

இயந்திரம் வாங்கி எனக்கு என்ன பழக்கம்? சட்டி பானை வாங்குகிறபடி விரல் கணுவால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். தகரத்தில் செய்தது கணீரென்றது. பழுதில்லாத சாமான் என்று முடிவு கட்டித் தலையில் வைத்துக்கொண்டு மலையேறினேன்.

பங்களா வாசலில், தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் மேலாளான பெரிய கங்காணி மறித்தார். தோட்டத்துக்கு எந்தப் புதுச் சாமான் வந்தாலும் பூசை போடாமல் தொடக் கூடாது என்பது அவர் சட்டம். கிளை வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கும் போட்டிருக்கிறார், கோப்பிப் பழம் அரைக்கும் இயந்திரத்துக்கும் போட்டிருக்கிறார். சுத்துப்பூவாளியை மனையில் உட்காரவைத்துச் சந்தனத்தைக் குழைத்தார். தண்ணீர் வருகிற துளைகளைக் கண்கள் என்று நினைத்தாரோ என்னவோ, ஒவ்வொரு துளைக்கும் ஒரு பொட்டு வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்தார். தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினோம். துரை மலையிலிருந்து திரும்பியபோது சந்தனம் நன்றாகக் காய்ந்துவிட்டிருந்தது. அவர் குழாயை முழுசாகத் திறந்தார். பூவாளி அசையவில்லை. என்னவென்று குனிந்து பார்த்தார். தகரம் ஒட்டு விட்டு வெடித்துத் தண்ணீர் முழுவதும் அவர் முகத்தில் அடித்தது.

துரை அன்றைக்குப் பேசியது எதுவும் தமிழில்லை, அதனால் எழுத முடியவில்லை. புல்லுக்குத் தண்ணீர் போகாததால் தொட்டி நிரம்பி, மறுநாள் பீலி விடிந்த பிறகும் வெகுநேரம் கொட்டியது. நான் முகம் வாடி லயத்துக்கு வந்தேன். மருதாயி தலை முழுகிவிட்டு ஈரக் கூந்தலோடு வாசலில் நின்றாள். "சாமி கண்ணத் தொறந்துருச்சுண்ணே. நாளைக்கும் ஒரு தேங்கா ஒடைங்க!" என்றாள்.

குதிரைக்குப் பிடிக்காத வார்ப்பிரும்பு

அடுத்த வருஷத் தையில் துரை மறுபடியும் அனுப்பினார். இந்த முறை ஏமாறக் கூடாது என்று போனேன். தொழிலில் ஒருமுறை அடிபட்டவனுக்கு வருகிற வீறாப்பு உங்களுக்குத் தெரியும். தகரத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. கடை மூலையில் வார்ப்பிரும்பில் ஒன்று இருந்தது. அடிப்பாகம் அம்மிக்கல் கனம், கைகள் கட்டை விரல் தடிப்பு, துளைகள் பெரியவை. சந்தனம் அடைத்தாலும் குத்தி எடுக்கலாம். நானாவிடம் இது உடையுமா என்று கேட்டேன். மனிதன் கை பட்டு இது உடைந்ததாகச் சரித்திரமே இல்லை என்றார். தலையில் வைத்து ஏற்றிக்கொண்டு வந்ததில் என் கழுத்து ஒரு வாரம் திரும்பவில்லை.

அது நன்றாகவே ஓடியது. பீலி இளைத்தது. ஆனால் அந்த வருஷம் மாசியிலேயே ஒரு மழை விழுந்ததால் லயம் எப்படியோ தப்பியது. ஒருநாள் துரையின் குதிரை கட்டை அறுத்துக்கொண்டு புல்வெளிக்கு வந்தது. பச்சையாக ஒன்றைக் கண்டால் குதிரைக்கும் ஆசை இருக்காதா? மேய்ந்துகொண்டே போனது, சுத்துப்பூவாளி சுற்றி வந்து அதன் கண்ணில் தண்ணீரை அடித்தது. குதிரை திரும்பி நின்று பின்னங்காலால் ஒன்று கொடுத்தது. அவ்வளவுதான். வார்ப்பிரும்பு வளையத் தெரியாத சாதி, நாலாகப் போய் விழுந்தது.

துண்டுகளைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் நியாயம் கேட்டேன். நானா ஒவ்வொரு துண்டையும் எடுத்து, பிணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவர் மாதிரி வருத்தத்தோடு பார்த்தார். பிறகு சாக்கைத் திரும்பக் கட்டி என் கையிலேயே கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மனிசன் கை பட்டா ஒடையாதுண்டுதான் தம்பி நான் சொன்ன. உங்கட குதிரைக்கு நான் எப்பிடிப் பொறுப்பு நிக்கிற?"

பேர் வெட்டு

மூன்றாவது வருஷம் எல்லாமே கெட்டுப்போய்த் தொடங்கியது. கோப்பி இலையின் அடியில் மஞ்சள் பொடி விழுந்திருந்தது. தொட்டால் விரலில் ஒட்டும். முதலில் கீழ் மலையில் சில செடிகள், பிறகு மலை முழுவதும். இலை உதிர்ந்து கோப்பிச் செடிகள் விளக்குமாறாக நின்றன. கார்த்திகை மழையும் பாதியிலேயே நின்றுவிட்டது. துரை மலைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு புல்லைப் பார்த்தபடி பங்களா வராந்தாவில் உட்கார ஆரம்பித்தார். சீமையிலிருந்து துரைசானி பங்குனியில் வருகிறாராம். கோப்பியைக் காட்ட முடியாது. புல்லையாவது பச்சையாகக் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த மனிதர்மேல் எனக்கு அப்போது இரக்கம்கூட வந்தது. அதை மறைப்பானேன்?

மூன்றாவது சுத்துப்பூவாளி வாங்கிவரச் சொல்லும்போது துரை என்னை உற்றுப் பார்த்தார். இரண்டு உடைந்ததிலும் என் கை இருக்கிறது என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். குதிரை உதைத்ததுக்கும் நான்தான் பொறுப்பா? வராந்தாப் படியில் நின்று, ஒவ்வொரு சொல்லுக்கும் விரலை நீட்டி எனக்குப் புரிகிறபடி சொன்னார்: "தானா ஒடைஞ்சா சரி. எவனாவது கை வெச்சு ஒடைச்சா, ஒன் பேர் வெட்டு. தங்கச்சி பேரும் வெட்டு."

இருப்பதிலேயே மோசமானது

ஆள் கணக்கிலிருந்து பேரை வெட்டினால் எங்கே போவது? நோய் விழுந்த மலைகளில் இருக்கிற ஆட்களையே குறைத்துக்கொண்டிருந்தார்கள். வேலையும் போய், லயத்து அறையும் போய், மருதாயியைக் கூட்டிக்கொண்டு வந்த வழியே நடக்க வேண்டும். அவள் புருஷனைப் புதைத்த இடத்தைத் தாண்டித்தான் அந்த வழி போகிறது. இந்தப் பக்கம், மழையில்லாத வருஷத்தில் ஒரு சுத்துப்பூவாளி ஒழுங்காக ஓடினால் லயத்துக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. நான் கை வைக்கக் கூடாது, அதுவும் உடைய வேண்டும். அப்படியானால் தானாகவே உடைகிற ஒன்றைத்தான் பார்த்து எடுக்க வேண்டும். பெரிய கங்காணியும் ரகசியமாக அதையே சொல்லி அனுப்பினார்.

கடையில் நானா நல்லதாக மூன்று எடுத்து வைத்தார். நான் தள்ளிவிட்டு, உங்களிடம் இருக்கிறதிலேயே மோசமானது எது என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பைத்தியம் பிடித்தவன் மாதிரி தெரியவில்லை போலிருக்கிறது, உள்ளே போய் ஒன்றைக் கொண்டு வந்தார். கடன்பட்டு மூடிய ஏதோ தோட்டத்துப் பங்களாச் சாமான்களோடு வந்ததாம். மெல்லிய பித்தளை. ஒரு கை வளைந்திருந்தது. அச்சாணி தேய்ந்து, சுற்றும்போது குடித்தவன் நடை நடந்தது. மரையை எவ்வளவு திருகினாலும் இறுகவில்லை. தட்டிப் பார்த்தேன், கிழவன் இருமுகிற சத்தம். ஒரு வாரம் தாங்காது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதையே கட்டச் சொன்னேன். நானா கட்டிக்கொண்டே சொன்னார்: "நான் கடை வெச்ச நாளில இருந்து நல்ல சாமானத் தாண்டு கேட்டு வந்தவங்களத்தான் ஏமாத்தி ஈக்கிறன். ஒன்ன எப்பிடி ஏமாத்திறதுண்டே வெளங்கல்ல தம்பி."

ஓடியது

ஒரு வாரம் போனது. ஓடியது. இன்னொரு வாரமும் போனது. அதுவும் ஓடியது.

காரணம் பிறகுதான் புரிந்தது. ஓடை வற்றினால் தண்ணீரோடு மணல் வரும். இறுக்கமான சாமானில் மணல் சிக்கி அச்சாணியைத் தின்றுவிடும். இது எங்குமே இறுகாத சாமான், ஆடி ஆடி மணலை உதறிக்கொண்டே இருந்தது. துளைகளும் தேய்ந்து பெரிசாகியிருந்ததால் எதுவும் அடைக்கவில்லை. விடிகிற நேரத்தில் துரையே வந்து குழாயைத் திறந்துவிடுவார். அது தள்ளாடித் தள்ளாடி நாள் முழுவதும் சுற்றும். சுற்றிலும் மலை பழுப்பாகக் கிடக்க, நடுவில் பங்களாப் புல் மட்டும் பச்சையாக நின்றது.

பீலி முதலில் நூலாக விழுந்தது, பிறகு சொட்டியது, பிறகு நின்றே போனது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார்கள். அங்கே ஒரு குட்டை உண்டு. மாடு இறங்குகிற குட்டை. கோப்பி கழுவிய தண்ணீர் போய்த் தேங்குவதும் அதில்தான். நான் பங்களாத் தொட்டியிலிருந்து தினமும் ஒரு குடம் யாருக்கும் தெரியாமல் மொண்டு, புல்லுக் கூடைக்குள் வைத்து மருதாயிக்குக் கொண்டுபோவேன். அவளுக்குப் போதும் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன்.

என்னைக் கேலி செய்வதை அவள் அப்போதும் விடவில்லை. குடத்தை இறக்கி வைத்ததும் சொல்வாள்: "நல்லதுன்னு எடுத்தா ஒடையுது, கெட்டதுன்னு எடுத்தா ஒழைக்குது. ஒனக்குப் பொண்ணு பாக்குறப்ப நீ எவள வேணாம்னு சொல்றியோ அவளத்தாண்ணே நான் பேசி முடிக்கணும்!"

நல்லா சுத்துது

லயத்தில் வாந்திபேதி தொடங்கியது. முதலில் கடைசி அறையில் ஒரு கிழவர், அடுத்த நாள் இன்னொருவர். மூன்றாவதாக மருதாயி விழுந்தபோது எனக்கு விளங்கவில்லை. தொட்டித் தண்ணீர் குடிக்கிறவளுக்கு எப்படி வந்தது? பக்கத்து அறைப் பெண் அழுதுகொண்டே சொன்னாள். நான் கொண்டுவந்த குடத்தை மருதாயி ஒருநாளும் வைத்துக்கொள்ளவில்லையாம். கைக்குழந்தை இருக்கிற அறைகளுக்கெல்லாம் செம்பு செம்பாக ஊற்றிக் கொடுத்துவிட்டு, பள்ளத்துத் தண்ணீரைத்தான் குடித்தாளாம்.

பங்களாவுக்கு ஓடினேன். குழாயை மூடினேன். துரை வந்து ஏன் நின்றது என்றார். உடைந்துவிட்டது துரை, தானாக உடைந்துவிட்டது, நான் கை வைக்கவில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. குனிந்து, வளைந்த கையைச் சற்றே தட்டிவிட்டு, போய்க் குழாயைத் திறந்தார். பாழாய்ப் போனது எழுந்து சுற்ற ஆரம்பித்தது. லயத்தில் சாவு என்று சொன்னேன். மருந்து அனுப்புகிறேன் என்று தலையாட்டினார். பார்வை மட்டும் சுத்துப்பூவாளியை விட்டு நகரவில்லை. அந்த வருஷம் முழுவதும் அவர் முகத்தில் நான் பார்க்காத சிரிப்பு ஒன்று வந்தது. என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "ஒடையல்ல முத்து. பாரு, நல்லா சுத்துது."

ஒரு வாய்

மருந்து வந்தது. அதைக் கரைத்துக் கொடுக்கத்தான் நல்ல தண்ணீர் இல்லை, அன்றைய குடமும் குழந்தைகளுக்குப் போய்விட்டிருந்தது. பள்ளத்துத் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொண்டுபோனேன். மருதாயியின் கண் உள்ளே போயிருந்தது, கை விரல்கள் வெகுநேரம் துணி துவைத்தவள் விரல்போலச் சுருங்கியிருந்தன. செம்பை உதட்டில் வைத்ததும் வாசம் பிடித்துத் தள்ளினாள். மறுபடியும் வைத்தேன், மறுபடியும் தள்ளினாள். இத்தனை வருஷத்தில் என்னிடம் அவள் கேலி இல்லாமல் பேசியது அந்த ஒரு முறைதான்: "இது நாறுதுண்ணே. பீலித் தண்ணி இருந்தா ஒரு வாய் குடு."

பாராட்டு

நான் தொட்டிக்குப் போய்த் தண்ணீர் மொண்டு வருவதற்குள் அவள் போய்விட்டாள். அதைப் பற்றி நான் வேறு ஒன்றும் எழுதப் போவதில்லை. என் மாதிரி இழந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொன்னாலும் தெரியாது.

சித்திரையில் மழை பிடித்தது. பீலி கொட்டோ கொட்டென்று கொட்டியது. துரைசானி வரவில்லை. கோப்பி விழுந்த கதை கப்பலேறிச் சீமைக்குப் போயிருக்க வேண்டும். துரை சில மாதம் அந்தப் பச்சைப் புல்லில் தனியாக நடந்துகொண்டிருந்தார், பிறகு தோட்டம் கைமாறி அவரும் போனார். லயத்தில் பாதி அறைகள் காலி. நான் எங்கும் போகவில்லை. மருதாயியை இந்த மலையில் வைத்துவிட்டு எந்த ஊருக்குப் போவது?

தேயிலைக் கன்றுகளோடு புதுத் துரை வந்தார். பங்களாவைச் சுற்றிப் பார்க்கிறபோது, புல் ஓரத்தில் கிடந்த சுத்துப்பூவாளியைக் காலால் புரட்டினார். பூட்டச் சொன்னார். பூட்டினேன். குழாயைத் திறந்ததும் அது பழையபடி தள்ளாடிக்கொண்டு சுற்றியது. எத்தனை நாளாக ஓடுகிறது என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் புருவத்தை உயர்த்தினார். இதை எடுத்தது யார் என்றார். பெரிய கங்காணி, அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தும், தலையைக் குனிந்துகொண்டு என் பக்கம் கையைக் காட்டினார். புதுத் துரை என்னை மேலும் கீழும் பார்த்துச் சொன்னார்: "ரொம்பக் கெட்டிக்காரன் நீ. நல்ல சாமான் எதுன்னு ஒனக்குத் தெரியுது. இனி நம்ம எல்லாத் தோட்டத்துக்கும் நீதான் பாத்து வாங்கணும்."

அன்று முதல் ஹந்தானையில் எந்தப் பங்களாவுக்குச் சுத்துப்பூவாளி வாங்குவதென்றாலும் கண்டிக்கு என்னைத்தான் அனுப்புகிறார்கள். உடையாத சாமானாகப் பார்த்து எடுப்பதில் எனக்கு இணை கிடையாதாம்.